உகந்தை, யானைப்பாறை: அம்மாவோடு எங்கே போகலாம்?

களுவாஞ்சிகுடியான்:
ஆடி விடுமுறைக்கு அம்மாவையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பாறைகள் பார்க்கப் போற யோசனை. பாசிக்குடாவில பாறை இல்லை. கிழக்கிலங்கையில அறுகம்பைக்குத் தெற்கே இருக்கிற யானைப்பாறையா, அதுக்கும் தெற்கே முருகன் கோயில் இருக்கிற உகந்தையா? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கடல் அந்த நேரம் எப்பிடி?

தம்பிலுவில் ரீச்சர்:
தம்பி, அம்மா வாறா எண்டா உகந்தைதான். கோயிலடியில இருந்தே கடலும் பாறையும் தெரியும். முருகன் வந்திறங்கின ஓடம் கல்லாப் போனது எண்டு சொல்ற பாறையும் அந்தக் கரையில்தான். வள்ளியம்மன் மலைக்கு நீங்களும் பிள்ளைகளும் ஏறுங்க, அம்மா கீழே இருக்கட்டும்.

பிள்ளைகளைப் பாறைக்குக் கிட்டக் கூட்டிப்போய்க் காட்டுங்க. வெள்ளையும் கறுப்புமாப் பட்டை ஓடும். அது நைஸ், சூட்டிலயும் அழுத்தத்திலயும் உருமாறிய பாறை. கிழக்குக்கரைப் பாறைகளின்ட வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. இதையெல்லாம் அலைதான் உருட்டினது எண்டு பிள்ளைகள் நினைப்பாங்க. பாதிதான் சரி. இந்த வகைப் பாறையில வெடிப்பு வழியா மழைத்தண்ணி இறங்கி, மண்ணுக்குள்ள இருக்கும்போதே மூலைகளைத் தின்னும். நடுவில உருண்டையா மிஞ்சுறதை வெளியே எடுத்துக் கழுவி வைக்கிறதுதான் கடல். பிறகு உப்பு வேலை செய்யும். சாரல் காய்ஞ்சதும் உப்பு மணியாகி, பாறையைத் துகள் துகளாக் கழட்டும். சின்னச் சின்னக் குழிகள் தெரிஞ்சா விரலை வைச்சுப் பார்க்கச் சொல்லுங்க. எனக்கு யானை உருவத்தை விட இந்தக் குழிகளில்தான் ஆசை.

பொத்துவில் கடலோடி:
ரீச்சர் சொன்னது சரி. நான் கடலைப் பற்றிச் சொல்றன். எங்கட பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது. அதனால வத்துற நேரம் பார்த்துப் போகத் தேவையில்லை, பயம் அலைதான். ஆடியில கச்சான் காத்து கரையிலிருந்து வீசும், கடல் படுத்துக் கிடக்கிற மாதிரித் தெரியும். ஆனா தெற்குச் சமுத்திரத்தில எழும்புற அலை அப்பதான் இஞ்ச வரும். அதை நம்பித்தானே அலைச்சவாரிக்காரர் அறுகம்பைக்கு வாறாங்க. கொஞ்ச நேரம் ஒண்டுமில்லாம இருந்து, நாலைஞ்சு பெரிய அலை ஒண்டன்பின் ஒண்டா வரும். பாறையில ஏற முதல் நிண்டு பாருங்க. கறுத்து வழுவழுப்பா இருக்கிற இடம் வரைக்கும் அலை ஏறும், அதில கால் வைக்கவே வேண்டாம். மாரியில வாடைக்காத்து அடிக்கும்போது பாறைப்பக்கமே போகாதீங்க.

யானைப்பாறைக்கு மணலில நல்லா நடக்கோணும். களப்பு வாய் திறந்திருந்தா தண்ணி கடக்கோணும், களப்புக்குள்ள முதலை. அம்மாவுக்குச் சரிவராது.

களுவாஞ்சிகுடியான்:
நன்றி அக்கா, அண்ணன். அப்ப உகந்தைதான். விடியவே வெளிக்கிட்டா அண்டைக்கே திரும்பலாமா?

பொத்துவில் கடலோடி:
திரும்பலாம். ஆனா பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில யானை நடமாட்டம். இருட்ட முதல் பாணமையைத் தாண்டிடுங்க. ஆடியில பாதயாத்திரைச் சனம் றோட்டோரம் நடக்கும், வாகனத்தை மெதுவா விடுங்க. குடிக்கிற தண்ணி கூடவா வைச்சிருந்தா அவங்களுக்கும் குடுக்கலாம்.