தளத்தைப் புதுசாக்கிய பிறகு கூகுள் வரவு மூன்றில் ஒன்றாகிவிட்டது: எதை முதலில் சரிசெய்வது?

ஊசிமுனை:

வணக்கம். தையல் இயந்திர விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிபாகம் ஆகியவற்றுக்கான தளம். பழையது கையால் எழுதிய எச்டிஎம்எல், 64 பக்கங்கள். ஐந்து வாரத்துக்கு முன் அதை எடுத்துவிட்டு வேர்ட்பிரஸில் புதுத்தளம் ஏற்றினோம், 18 பக்கங்கள். டொமைன் அதேதான். பார்க்க நன்றாக இருக்கிறது, மொபைலிலும் சரியாகத் தெரிகிறது.

கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் வாரத்துக்கு 420 க்ளிக் வந்துகொண்டிருந்தது, இப்போது 150. தொடர்பு ஃபார்ம் வழியாக வாரம் பத்து விசாரணை வரும், இப்போது ஒன்று வந்தால் உண்டு. வடிவமைத்தவர், “கூகுள் புதுத்தளத்துக்குப் பழக மூன்று மாதம் ஆகும், பொறுங்கள்” என்கிறார். ஒருவர் விளம்பரம் போடச் சொல்கிறார், இன்னொருவர் 500 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்கித் தருகிறேன் என்கிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தளக்கொத்தன்:

பொறுத்திருந்தால் இது தானாகச் சரியாகாது. நாள் போகப்போக பழைய முகவரிகளைக் கூகுள் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். அதற்குமுன் வேலையை முடிப்பதுதான் நல்லது.

முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, கடைசி 28 நாளையும், தளம் மாறுவதற்கு முந்தைய 28 நாளையும் ஒப்பிடுங்கள். பிறகு ‘பக்கங்கள்’ தாவலுக்குப் போய், க்ளிக் வித்தியாசத்தின்படி வரிசைப்படுத்துங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சரிந்திருந்தால் தளம் முழுவதற்கும் ஏதோ தடை இருக்கிறது. குறிப்பிட்ட சில முகவரிகள் மட்டும் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் அந்த முகவரிகள் செத்துவிட்டன என்று பொருள். 64 பக்கம் 18 ஆனதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகைதான் என்று தோன்றுகிறது.

ஆனாலும் முதல் வகையை ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ‘வாசிப்பு’ பகுதியில், தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். தளத்தைக் கட்டும்போது அதை டிக் செய்து வைப்பார்கள், ஏற்றும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். டிக் இருந்தால் எல்லாப் பக்கத்திலும் ‘பட்டியலில் சேர்க்காதே’ என்னும் நோஇன்டெக்ஸ் குறி ஏறியிருக்கும். தேடுபொறிகள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல: ரோபாட்ஸ் தடை கூகுளை உள்ளே வரவே விடாது, அதனால் பக்கத்தில் நோஇன்டெக்ஸ் இருப்பதும் நீக்கப்பட்டதும் அதற்குத் தெரியாது.

அடுத்தது ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவது. பழைய 64 முகவரிகளையும் ஒரு விரிதாளில் இடப்பக்கம் எழுதுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும், அங்கிருந்து பட்டியலை இறக்கலாம். பழைய சைட்மேப் (தளத்தின் முகவரிப் பட்டியல்), பழைய பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின், பிற தளங்கள் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகளின் அறிக்கை ஆகியவற்றிலிருந்து விடுபட்டதைச் சேருங்கள். வலப்பக்கம், அதே விஷயத்தைச் சொல்லும் புதுப் பக்கத்தின் முகவரி. ஒவ்வொன்றுக்கும் 301, அதாவது நிரந்தர மாற்றம் என்று சொல்லும் ரீடைரக்ட். 302 தற்காலிக மாற்றத்துக்கானது, இங்கே வேண்டாம்.

சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பாபின் கேஸ் (அடிநூல் உருளையை வைக்கும் கூடு) பற்றிய பக்கத்தைத் தேடி வந்தவரை முகப்பில் இறக்கிவிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அதைப் ‘பக்கம் இல்லை’ என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். சரியான பக்கம் புதுத்தளத்தில் இல்லையென்றால் அதை மீண்டும் எழுத வேண்டும்.

சொல்லப்போனால் உங்கள் இழப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். “அடிநூல் தளர்ந்து வருகிறதா? பாபின் கேஸ் திருகைச் சரிசெய்யும் முறை” என்று ஒரு பழைய பக்கம் இருந்திருக்கும். அந்தத் தலைப்பை அப்படியே தேடும் ஆட்கள் இருக்கிறார்கள். புதுத்தளத்தில் அது ‘எங்கள் சேவைகள்’ பக்கத்தில் ‘பழுதுபார்ப்பு’ என்று ஐகானோடு ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். அந்த ஒரு வரியைக் கொண்டு அந்தக் கேள்விக்கு எந்தத் தேடுபொறியும் உங்களைக் காட்டாது. க்ளிக் அதிகம் இழந்த பத்துப் பக்கங்களின் பழைய உரையை எடுத்து, தனிப் பக்கமாக, பழைய தலைப்போடு திரும்பப் போடுங்கள்.

பேக்லிங்க் வாங்காதீர்கள். தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுளின் ஸ்பாம் கொள்கைக்கு எதிரானது. அதோடு, உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அஞ்சல்பெட்டி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா ஃபார்ம் கணக்கு தனியா இடிக்குது, அதைக் கவனிங்க. க்ளிக் 420லிருந்து 150 ஆனா, மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல மிச்சம் இருக்கு. அப்போ விசாரணையும் வாரம் மூணு நாலாவது வரணும். ஒண்ணுதான் வருதுன்னா ஃபார்ம் தனியா பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆட்கள் எழுதி அனுப்புறாங்க, உங்களுக்கு வந்து சேரல.

பெரும்பாலும் காரணம் இதுதான்: ஃபார்ம் பிளகின் (வேர்ட்பிரஸ்ல சேர்க்கிற துணை மென்பொருள்) அனுப்புற மெயிலில் ‘அனுப்புநர்’ இடத்துல வாடிக்கையாளரோட ஜிமெயில் முகவரியைப் போட்டு வச்சிருப்பாங்க, பதில் போட வசதின்னு. ஆனா மெயில் கிளம்புறது உங்க சர்வர்ல இருந்து. ஜிமெயில் பேரைச் சொல்லிக்கிட்டு வேற சர்வர்ல இருந்து வர்ற மெயிலைப் பெறுகிற பக்கம் போலின்னு நினைச்சு ஸ்பாம்ல போடும், இல்ல சத்தமில்லாம தள்ளிடும்.

அனுப்புநர் உங்க டொமைன்ல இருக்கற முகவரியா இருக்கணும். வாடிக்கையாளர் முகவரியை ‘ரிப்ளை டூ’ இடத்துல போடுங்க. பதில் அழுத்தினா அவருக்கே போகும், வசதி குறையாது.

அடுத்து, சர்வர் தானா அனுப்புற பிஎச்பி மெயிலை நம்பாம எஸ்எம்டிபி பிளகின் போட்டு, உங்க மெயில் கணக்கு வழியா அனுப்புங்க. டொமைனோட பதிவேடான டிஎன்எஸ்ல எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும் இருக்கான்னு பாருங்க; மெயில் நிஜமா உங்க டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டுற பதிவுகள் அவை. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒண்ணுதான் இருக்கலாம். புதுசா இன்னொண்ணு சேர்த்தா ரெண்டுமே செல்லாமப் போயிடும்; பழைய வரியிலேயே சேர்த்து எழுதணும்.

எதுவானாலும் ஃபார்ம்ல வர்றதை மெயிலுக்கு மட்டும் அனுப்பாம டேட்டாபேஸ்லயும் சேமிக்கிற மாதிரி வைங்க. மெயில் தொலைஞ்சாலும் விசாரணை தொலையாது. இதையெல்லாம் முடிக்காம விளம்பரத்துக்குக் காசு போடாதீங்க. வர்றவங்க எழுதறதே உங்ககிட்ட சேரலன்னா அந்தக் காசு மொத்தமும் வீண்.

இன்னொண்ணு: மேல தெரியுற தொலைபேசி எண்ணைப் படமா வச்சிருக்காங்களான்னு பாருங்க. மொபைல்ல தொட்டவுடனே அழைப்பு போற மாதிரி இணைப்பா இருக்கணும். எண்ணை மனப்பாடம் பண்ணி, திரும்ப அழுத்திக் கூப்பிடற பொறுமை எல்லாருக்கும் இருக்காது.

நிழற்குடை:

வேகத்தையும் பாருங்கள். முகப்பில் ஸ்லைடர் இருந்தால் நாலாயிரம் பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்னும் சிறிய பட வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். முதலில் தெரியும் படத்துக்கு ‘லேசி லோட்’ (அருகில் உருட்டி வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) வைக்கக்கூடாது, கீழே உள்ள படங்களுக்கு மட்டும் போதும். படங்களுக்கு அகலமும் உயரமும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் ஏறும்போது எழுத்து துள்ளும். கூகுளின் அளவுகோல்: முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள், தொடுகைக்கு மறுமொழி 200 மில்லிநொடிக்குள், துள்ளல் அளவு 0.1க்குள்.

தளக்கொத்தன்:

நிழற்குடை சொன்னது செய்யவேண்டிய வேலைதான், ஆனால் இந்தச் சரிவுக்கு அது காரணமில்லை. வேகம் குறைந்தால் இரண்டு மூன்று இடம் இறங்கலாம், முகவரி பூஜ்யமாகாது. ரீடைரக்ட் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஊசிமுனை:

மூவருக்கும் நன்றி. பார்த்ததில்: நோஇன்டெக்ஸ் இல்லை. 64 பழைய முகவரிகளில் 46 இப்போது 404, ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது. ஃபார்மில் அனுப்புநராக வாடிக்கையாளர் முகவரிதான் இருந்தது. மாற்றியதும் சோதனை மெயில் உடனே வந்தது. ஸ்பாம் பெட்டியில் பதினோரு விசாரணைகள் கிடந்தன.

இரண்டு சந்தேகம். ரீடைரக்டுக்குப் பிளகின் போதுமா, கோப்பில் எழுத வேண்டுமா? புதுப் பக்கங்களின் முகவரியில் தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது, அது ஏன்?

தளக்கொத்தன்:

46 வரிக்குப் பிளகினே போதும். கோப்பில் எழுதுவதானால் சர்வர் மென்பொருள் அப்பாச்சியா என்று உறுதிசெய்யுங்கள். இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், இந்த வரிகளை எழுதும் ‘எச்டிஅக்செஸ்’ கோப்பைப் படிக்காது. வேர்ட்பிரஸ் தானாக எழுதும் பகுதிக்கு மேலே உங்கள் வரிகள் இருக்க வேண்டும். உள்ளே எழுதினால் அது அழித்து எழுதிவிடும். எழுதிய பின் 46ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே திருப்பலில் போய்ச் சேருகிறதா பாருங்கள். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ, அப்புறம் புதுப் பக்கம் என்று மூன்று திருப்பலாக நீண்டால், நேரே கடைசி முகவரிக்கு மாற்றுங்கள். இந்த வரிகளை ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். எடுக்காமலே விட்டாலும் கெடுதல் இல்லை.

வெட்டுப்படுவதற்குக் காரணம், வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம் ஒதுக்கியிருக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் அங்கே ஒன்பது எழுத்தாக மாறிப் பதிவாகும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘தையல்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. அங்கே த, ஐகாரக் குறி, ய, ல, புள்ளி என ஐந்து, அதாவது 45 இடம். இருபத்திரண்டு குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும்.

தமிழ் முகவரியைக் கூகுள் நன்றாகவே படிக்கும், அதனால் தமிழிலேயே இருக்கட்டும். இரண்டு சொல்லுக்குச் சுருக்கிக் கையால் எழுதுங்கள்: ‘பாபின்-கேஸ்’ போல. ஒன்று மட்டும் கவனம்: முகவரியை மாற்றினால் ‘பதிவு’களுக்கு வேர்ட்பிரஸ் தானே பழையதைத் திருப்பிவிடும், ‘பக்கங்’களுக்கு அந்த வசதி இல்லை. ஐந்து வாரமாக வெளியில் இருக்கும் 18 பக்கத்தில் எதன் முகவரியைச் சுருக்கினாலும், அதையும் விரிதாளின் இடப்பக்கத்தில் சேருங்கள். அப்புறம் புதிய சைட்மேப்பைச் சர்ச் கன்சோலில் கொடுத்துவிட்டு, க்ளிக் அதிகம் இழந்த பத்துப் பக்கங்களுக்கு மட்டும் முகவரிச் சோதனையில் போய் சேர்க்கக் கேளுங்கள். மற்றவற்றைக் கூகுள் தானே வந்து எடுத்துக்கொள்ளும்.