தொண்டைக்குக் கரண்ட் வச்சவங்களுக்குத் தைராய்டு: நீங்க பார்த்ததை எழுதுங்க

ஏற்காட்டிலிருந்து:
குரல்வளைப் புற்றுநோய்க்குக் கழுத்துல கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும்போது தைராய்டு மேலயும் கதிர் படுது. சுரப்பி உடனே படுத்துடாது. சில மாசத்துலயும் சுரப்பு குறையலாம், பல வருஷம் கழிச்சும் குறையலாம். அதனால புற்றுநோய் போயிடுச்சுன்னு சொன்ன பிறகும் 6 முதல் 12 மாசத்துக்கு ஒருக்கா ரத்தத்துல டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ஏறுற ஹார்மோன்) பார்த்துக்கிட்டே இருக்கணும். மலைமேல இதுல ஒரு சிக்கல் இருக்குங்க. குளிர் தாங்கலைன்னா ஏற்காட்டுப் பனின்னு விட்டுடுறாங்க. சோர்வு, மலச்சிக்கலைச் சிகிச்சை அசதின்னு தள்ளிடுறாங்க. மத்தவங்க ஸ்வெட்டரைக் கழட்டின வெயில்லயும் ஒருத்தர் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா ரத்தம் எடுத்துடுங்க.

அம்மாபேட்டை, மருந்துக்கடை:
தைராக்ஸின் (குறைஞ்ச தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலா போடுற மாத்திரை) போட்டும் டிஎஸ்ஹெச் இறங்கலையா? டோஸைக் கூட்டுறதுக்கு முன்னாடி காபி எப்போன்னு கேளுங்க. தைராக்ஸினை வெறும் வயித்துல தண்ணியில விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடணும். காபியோட சேர்ந்தா மருந்து சரியா உறிஞ்சாது. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. குழாய் வழியா சாப்பிடுறவங்களுக்கு மாத்திரையைத் தூளாக்கி, தண்ணியில கலக்கின கையோட ஊத்தி, மறுபடி தண்ணி விட்டுக் குழாயைக் கழுவணும். டோஸ் மாத்தினா 6 முதல் 8 வாரம் கழிச்சுத்தான் டெஸ்ட்.

ஆத்தூர், செவிலியர்:
ஏற்காட்டு அண்ணா சொன்ன டிஎஸ்ஹெச் டெஸ்ட் மட்டும் எல்லாருக்கும் போதாதுங்க. மூக்குக்குப் பின்னாடி மேல்தொண்டையில கரண்ட் வச்சவங்களுக்குப் பிட்யூட்டரியும் (மூளைக்கு அடியில இருந்து டிஎஸ்ஹெச்சைச் சுரக்கிற சுரப்பி) அடிபடலாம். அது படுத்தா, தைராய்டு குறைஞ்சிருந்தாலும் டிஎஸ்ஹெச் நார்மல்னே காட்டலாம். ஃப்ரீ டி4 (ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன்), காலை 8 மணி கார்டிசால் (பிட்யூட்டரி தூண்டி அட்ரினல் சுரப்பி சுரக்கிற, பிபியைத் தாங்குற ஹார்மோன்) ரெண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. கார்டிசால் குறைவா இருக்கும்போது தைராக்ஸினை மட்டும் ஆரம்பிச்சா பிபி விழுந்து உயிருக்கே ஆபத்து. முதல்ல ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலுக்குப் பதிலா குடுக்கிற மருந்து), அப்புறம்தான் தைராக்ஸின். ஹைட்ரோகார்டிசோன் போடுறவங்க தானா நிறுத்தவே கூடாது. காய்ச்சல் வந்தா டாக்டர் எழுதின கூடுதல் டோஸ். வாந்தியில மாத்திரை நிக்கலைன்னா ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி. மலையில இருக்கிறவங்க இந்த ஊசியை வீட்டுலயே வச்சுக்க டாக்டர்கிட்ட கேட்டு, போடவும் கத்துக்கங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற வரைக்கும் உடம்பு காத்திருக்காது.

குரல்வளையோட தைராய்டையும் எடுத்தவங்களுக்குப் பாராதைராய்டும் (தைராய்டை ஒட்டி, ரத்தக் கால்சியத்தைக் காக்கிற சின்னச் சுரப்பிகள்) போயிருக்கலாம். உதட்டைச் சுத்தி மதமதப்பு, விரல் இழுத்துக்கிறது வந்தா வாயுன்னு தைலம் தேய்க்காம அன்னைக்கே கால்சியம் பாருங்க.