வெயிலில் போட்ட தளத்தில் சாயங்காலமே வெடிப்பு, இடிக்கணுமா?

வேலூர்வாசி:
போன வாரம் முதல் மாடித் தளம் போட்டோம். காலை 6 மணிக்கு ஆரம்பிப்பதாகப் பேச்சு, மிக்சர் வந்து சேரவே 10 ஆகி, முடியும்போது மதியம் 3. அன்று 41 டிகிரி, போதாததற்கு அனல் காற்று. சாயங்காலம் மேலே ஏறிப் பார்த்தால் மயிரிழை மாதிரி கோடுகள், சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக, சில ஒரு முழ நீளம். மறுநாள் காலையில்தான் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார்கள். "வெயில்ல இது சகஜம் சார், பூச்சுல மறைஞ்சிடும்" என்கிறார் மேஸ்திரி. மச்சான் இடிக்கச் சொல்கிறான். யார் சொல்வது சரி?

சைட்டு ஆள்:
ரெண்டு பேர் சொல்வதும் முழுக்க சரியில்லை. கலவை இறுகுவதற்குள் மேல்பரப்பு காய்ந்துவிட்டால் வருகிற வெடிப்பு இது. உள்ளேயிருந்து மேலே கசிந்து வரும் ஈரத்தைவிட, வெயிலும் காற்றும் வேகமாக உறிஞ்சிவிடும். சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியாகத் தொடங்கினாலே ஆபத்து என்று கணக்கு. வெயிலை மட்டும் திட்டாதீர்கள், காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலும் மேலோட்டமாகவே இருக்கும், ஆனால் சில நேரம் அடிவரை இறங்கிவிடும். அதனால் சென்ட்ரிங் (கீழே தாங்கி நிற்கும் பலகை, முட்டு) பிரித்ததும், மேலே தண்ணீர் நிறுத்திக் கீழே ஈரம் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் பூசவே கூடாது. பி.பி.சி சிமெண்ட் (சாம்பல் கலந்த வகை) என்றால் இந்த வெயிலுக்கு 14 நாளாவது ஈரம் காயக்கூடாது.

அதைவிட முக்கியமாக ஒன்று கேளுங்கள்: கலவை இறுகுகிறது என்று இடையில் தண்ணீர் ஊற்றினார்களா? ஊற்றியிருந்தால் அந்த இடத்தில் பலமே குறைந்துவிடும்.

துபாய் தம்பி:
அண்ணே, இங்கே கோடையில் பகலில் தளம் போடவே மாட்டோம், ராத்திரிதான். தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதில் ஐஸ் போட்டுக் கலப்பார்கள், புர்ஜ் கலீஃபா கட்டியபோதும் கோடையில் இதே கதைதான். வண்டி வந்ததும் கலவையில் தெர்மாமீட்டர் குத்திப் பார்ப்போம், 32 தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவோம். சூட்டில் கலவை சீக்கிரம் இறுகி, முதல் சில நாளுக்கு நல்ல பலம் காட்டும், 28 நாள் கழித்துப் பார்த்தால் நிதானமாக இறுகியதைவிடக் குறைவாகத்தான் நிற்கும்.

டொராண்டோ மாமா:
உங்களுக்கு வெயில், எங்களுக்குப் பனி. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், பச்சைக் காங்கிரீட்டுக்குள் அது நடந்தால் உள்ளேயே பிளந்து போகும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் பழைய பலம் வராது. அதனால் வெந்நீரில் கலந்து, போட்ட கையோடு கம்பளி மாதிரி போர்வை போட்டு மூடுவோம். இறுகின பிறகும் நிம்மதி இல்லை, பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி வருகிற மருந்தைக் கலவையில் சேர்த்தால்தான் உறைகிற தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். என் வீட்டு வாசல் படியில் அதைச் சேர்க்காமல் விட்டார்கள். பனிக்கு உப்புத் தூவித் தூவி, மூன்றாவது வருஷம் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது.

வேலூர்வாசி:
சைட்டு ஆள் சார், மேஸ்திரியிடம் கேட்டேன். "கொஞ்சம்தான் சார், ரெண்டு பக்கெட்" என்கிறார். எந்த மூலையில் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்.

சைட்டு ஆள்:
ஒரு மிக்சருக்கு ரெண்டு பக்கெட்டா, மொத்தத்துக்கே ரெண்டு பக்கெட்டா? அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள். பாத்தித் தண்ணீரை வற்ற விடாதீர்கள்.