புதுப்பிப்பு: வினிகர் வாடை அடித்த ஏல் பீர்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரே ஏல் பீர் (நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றும் பாரம்பரிய பீர்) ஒரு பப்பில் அருமையாகவும், இன்னொன்றில் வினிகர் வாடையோடும் இருப்பது ஏன் என்று கேட்டிருந்தேன். குழாய் அழுக்கு என்றே பலரும் பதில் எழுதினீர்கள். நல்ல பப்பின் நிலவறையைப் பார்த்துக்கொள்பவரிடமே விசாரித்துவிட்டேன்.

குழாய்களை வாரம் ஒருமுறை கழுவுவதும், நிலவறையை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பதும் அவருக்குப் பாலபாடம். அவர் கவலையெல்லாம் விற்பனை வேகம்தான். பம்பால் பீரை இழுக்க இழுக்க, அந்த இடத்தில் பீப்பாய்க்குள் காற்று புகுகிறது. திறந்த மூன்று நாட்களுக்குள் தீர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் புளிப்பேறும். வழக்கமான 9 காலன் பீப்பாயில் 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) இருக்கிறது. கூட்டமில்லாத பப்புக்கு அது அதிகம்.

காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயுவை மெல்ல உள்ளே விடும் கருவி உண்டு. ஏல் பற்றாளர்களின் காம்ரா அமைப்பு நெடுங்காலம் அதை எதிர்த்து, 2018இல்தான் எதிர்ப்பைக் கைவிட்டது. (வீண் பிடிவாதம் என்பது என் கருத்து.)

வினிகர் பப்பில் பம்புகள் வரிசைகட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு திறந்த பீப்பாய். வார நாட்களில் குடிக்கத்தான் ஆளில்லை. அங்கே இனி எனக்குப் பாட்டில் பீர் போதும்.