மறு: ‘வீல் லொக் நட்’ – பூட்டுச்சுரையைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் நம் சொல்லாக்கக் குழுவில், காரின் சில்லைக் கள்ளன் கழற்றாமல் காக்கும் ‘வீல் லொக் நட்’டுக்குத் தமிழில் ‘பூட்டுச்சுரை’ (சுரை என்றால் நட்டு) என்று எழுதிப் போட்டது நான்தான். இரண்டு பேர் நல்ல சொல் என்றீர்கள், ஒருவர் கைகூப்பிய படம் போட்டீர்கள். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இப்போது அந்தச் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். காரணம், வவுனியா–கிளிநொச்சி வழியில் உள்ள முறிகண்டியில் நடந்தது.

கார் வைத்திராதவர்களும் குழுவில் இருப்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்திவைத்த காரில் சில்லுக் கழற்றக் கள்ளனுக்கு ஒரு ஜக்கும் ஒரு ஸ்பனரும் நாலு கல்லும் போதும். நட்டுகள் எல்லாம் அறுகோணம், அளவு பொருந்தினால் கடையில் வாங்கும் எந்தச் சில்லு ஸ்பனரும் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு மாதிரி நட்டு ஒன்றைப் போடுகிறார்கள். அதன் தலை உருண்டை, ஸ்பனர் வழுக்கும். முகத்தில் அலை அலையாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அதே அலையை மேடாகக் கொண்ட சின்ன இரும்புத் துண்டு ஒன்று கூடவே வரும். துண்டைப் பள்ளத்தில் பொருத்தி, அதன் மறுமுனையில் உள்ள அறுகோணத்தில் ஸ்பனரைப் போட்டால்தான் நட்டுத் திரும்பும். சில வகைகளில் நட்டைச் சுற்றித் தனியாகச் சுழலும் வளையமும் இருக்கும். குறட்டால் பிடித்தால் வளையம்தான் சுற்றும், நட்டு அசையாது. நாலு சில்லுக்கு நாலு நட்டு, துண்டு ஒன்றே ஒன்று.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஹயஸ் வானின் அடியில் தொங்கிய மேலதிகச் சில்லை யாரோ இரவோடு இரவாகக் கொண்டுபோன பிறகுதான் நான் இதை வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய காரையே பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அலோய் சில்லு ஒன்று போனால் என்ன பாடு என்று.

சரி, முறிகண்டிக்கு வருகிறேன். வவுனியாவிலிருந்து இரவு வந்துகொண்டிருந்தோம். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் பின்சில்லு காற்றுப் போய் இருக்கிறது. மேலதிகச் சில்லு உண்டு, ஜக் உண்டு. அந்தத் துண்டு மட்டும் கிளிநொச்சியில் வீட்டு அலுமாரிக்குள். காருக்குள் வைத்தால் கள்ளன் எடுத்துவிடுவான் என்று பத்திரப்படுத்தியது என்னுடைய கெட்டித்தனம். தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“லொக் நட்டின்ர அடப்ரர் அலுமாரிக்குள்ள கிடக்கு, எடுத்துக்கொண்டு ஓடி வா.”

“என்னண்ணை அது?”

அப்போதுதான் குழுவில் நான் ஆக்கிய சொல் நினைவுக்கு வந்தது. “பூட்டுச்சுரையின்ர திறப்படா!” என்றேன், பெருமையோடு.

தம்பி மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தான். கையில் படலையின் ஆமைப்பூட்டுத் திறப்பும், கிணற்று மோட்டர் அறையின் திறப்பும், எதற்கென்றே தெரியாத மூன்று துருப்பிடித்த திறப்புகளும். பூட்டு என்று காதில் விழுந்தது, வீட்டில் இருந்த பூட்டுத் திறப்பு எல்லாவற்றையும் அள்ளி வந்துவிட்டான். சுரை என்றது அவனுக்குச் சுரைக்காயோ என்னவோ. இரண்டாம் முறை “காரின்ர சில்லுத் திறப்பு, வட்டமா, ஒரு பக்கம் பூ மாதிரி வெட்டியிருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து இரவு முழுக்க யோசித்தேன். பிழை தம்பியில் இல்லை. ‘பூட்டு’ என்று நான் எடுத்தது ஆங்கிலப் பெயரில் ‘லொக்’ இருந்ததால் மட்டும்தான். இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கராஜில் ‘லொக் நட்’ என்றால் அது வேறு பொருள்: அதிர்வில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்டு, அல்லது ஒரு நட்டின் மேல் இறுக்கும் இன்னொரு நட்டு. லேண்ட்மாஸ்ரர் கை உழவு இயந்திரத்தில் பத்து இடத்தில் இருக்கிறது. அதைத்தான் பூட்டுச்சுரை என்று சொல்ல வேண்டும், அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும். நம்முடையது இறுக்கத்தைக் காப்பதற்கு வந்ததல்ல, ஆளை மறிப்பதற்கு வந்தது. இந்தக் குழப்பத்தால் கேடும் உண்டு. ‘லொக்’ என்றதும் இன்னும் பலமாக இறுக்க வேண்டும் என்று நினைத்து, கராஜில் நட்டு இறுக்கும் காற்றுத் துப்பாக்கியை வைத்து அடிக்கிறார்கள். மெல்லிய அலைமேடு உடைந்துபோகிறது. டொயோட்டாவின் பல கார்களுக்குச் சில்லு நட்டு இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர், பூட்டு நட்டு என்று கூட்டி இறுக்க ஒன்றும் இல்லை. கையால் இறுக்கினால் போதும்.

இனி உங்கள் மடல்களுக்கு.

> மாட்டுவண்டியில் சில்லுக் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் செருகும் கடையாணி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

மதுரை ஐயா, அழகான சொல், விடவே மனமில்லை. ஆனால் கடையாணியைச் சின்னப் பையனும் இழுத்து எடுத்துவிடுவான். நமக்கு வேண்டியது உரியவன் மட்டும் கழற்றக்கூடியது.

> ‘குறிச்சுரை’ எப்படி? வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவது போல, ஒவ்வொருவர் நட்டுக்கும் ஒரு குறி.

இது வவுனியா ஆசிரியை அனுப்பியது. வந்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று சொல்லிவிட வேண்டும். பட்டியில்லாமல் காட்டில் மேயும் மாட்டை எவருடையது என்று சொல்வது தொடையில் உள்ள சுட்ட குறி மட்டும்தானே. அலைப்பள்ளமும் அதே மாதிரித்தான். பெட்டிக்குள் வரும் அட்டையில் அதற்கொரு எண்கூடப் போட்டிருப்பார்கள், துண்டு தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லி இன்னொன்று எடுக்கலாம். ஆனால் மாட்டுக்குறி கள்ளனை மறிப்பதில்லை, பிடிபட்ட பிறகு சாட்சி சொல்லும். தவிர, ஒரு கராஜில் பெடியன்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். குறியும் சுரையும் சேர்ந்து வந்ததில் அவர்கள் சிரித்த சிரிப்பை இங்கே விளக்க முடியாது. சுரைக்கு மாட்டின் மடி என்றும் பொருள் இருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

> ‘சில்லுப்பூட்டு’ என்றால் முடிந்ததே.

முடியவில்லை. பிழையான இடத்தில் நிறுத்திய காரின் சில்லைக் கவ்விப் பிடிக்கும் மஞ்சள் இரும்புக்கு அந்தப் பெயரை வைத்திருப்போம். அது உண்மையாகவே பூட்டு.

ஜேர்மனியிலிருந்து எழுதிய நண்பர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. அங்கே பல கார்களில் நட்டே இல்லை, மரையாணி நேரே சில்லின் குடத்துக்குள் போகிறது. அப்படியானால் சுரையில் தொடங்கும் எந்தச் சொல்லும் அரைவாசிக் கார்களுக்குப் பொருந்தாது. நட்டோ ஆணியோ, மாறாமல் இருப்பது அந்தத் துண்டு. அதைத்தான் முறிகண்டியில் நானும் தேடினேன். காற்றுப் போன ரயரை ஒட்டித் திரும்ப மாட்டக் கொண்டுபோனபோது கடைப் பெடியனும் கேட்டது அதைத்தான்: “அண்ணை, இதின்ர திறப்பு எங்கை?” அவன் எந்தக் கலைச்சொல் அகராதியும் பார்த்தவனில்லை.

ஆகவே பெயரைத் துண்டிலிருந்து தொடங்குவோம். துண்டு ‘சில்லுத் திறப்பு’. அதைக் கேட்கும் நட்டு ‘திறப்பு நட்டு’, ஆணியாக இருந்தால் ‘திறப்பு ஆணி’.

> திறப்பு என்றால் எங்களுக்குத் திறப்பு விழா! சாவி என்று போடுங்கள்.

போடலாம், ‘சக்கரச் சாவி’, ‘சாவி நட்டு’ என்று பக்கத்திலேயே. தமிழ்நாட்டு வாசகருக்கு அதுதான் சரி. ஆனால் நட்டைப் புறமொழிச் சொல் என்று தள்ளச் சொன்ன நீங்கள் சாவியைக் கொண்டு வருகிறீர்கள், அது போர்த்துக்கேயரோடு வந்தது. மேலே நான் எழுதிய அலுமாரியும் அதே கப்பல்தான், ஆகவே சண்டை வேண்டாம்.

சுரைக்கு எதிரி என்று என்னை நினைக்க வேண்டாம். வேலின் காம்பு செருகும் குழியைச் சங்கப்பாட்டில் சுரை என்கிறார்கள், உள்ளே துளையுள்ள பொருளுக்கு நம்மிடம் உள்ள பழைய சொல் அது. பாடநூலுக்கு ‘திறப்புச்சுரை’ என்று எழுதுங்கள். பேச்சுக்கு நட்டு இருக்கட்டும். ‘அவனுக்கு நட்டுக் கழண்டுபோச்சு’ என்று ஆளை ஏசும் அளவுக்கு வந்துவிட்ட சொல்லை இனி வெளியே அனுப்ப முடியாது.

இந்த மண்ணில் சொல்லாக்கம் புதிதல்ல. போர்க்காலத்தில் வன்னிக் கடைப் பலகைகளில் வெதுப்பகம் (பேக்கரி), குளிர்களி (ஐஸ்கிரீம்) என்றெல்லாம் எழுதியிருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெதுப்பகம் இன்றும் பலகையில் நிற்கிறது. வெதுவெதுப்பு என்ன என்று எல்லாருக்கும் தெரியும், அந்தச் சொல்லுக்குள் பாண் மணக்கிறது. மோட்டார்சைக்கிளுக்கு வந்த உந்துருளி செய்தித்தாளோடு நின்றுவிட்டது, வீட்டில் யாரும் உந்துருளியை எடுத்துக்கொண்டு வா என்று சொல்வதில்லை. நானும் தம்பியிடம் சொல்லவில்லை.

சரிவு உணர்ந்து கத்தும் அலாரத்துக்கு வந்த ‘சாய்வுணரி’ எனக்குச் சம்மதம். ஜக் வைத்துக் காரைத் தூக்கினால் கத்துவது அதுதான், பேச ஒன்றும் இல்லை. ஹயஸின் அடியில் மேலதிகச் சில்லைத் தாங்கும் சங்கிலிக்கும் அதை இறக்கும் திருகுக்கும் இன்னும் பெயர் இல்லை, யாராவது தொடங்குங்கள்.

துண்டு இப்போது காரிலேயே, டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பையில் பிளாஸ்ரர் ஒட்டிச் ‘சில்லுத் திறப்பு’ என்று எழுதியிருக்கிறேன். போன கிழமை தம்பிதான் காரைக் கொண்டுபோனான். மாங்குளத்தில் சில்லு மாற்றியிருக்கிறான், எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.