உயிரணு வளர்ப்பு: எதை வளர்க்கிறோம்?

வணக்கம்.

உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்ப்பதை ஆங்கிலத்தில் செல் கல்ச்சர் (cell culture) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'உயிரணு வளர்ப்பு' என்ற கலைச்சொல் போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரி தெரிகிறது. பொதுவாகச் சரிதான். ஆனால் பால்வினை நோய்க்கிருமிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

வெட்டை நோய்க் (கொனோரியா) கிருமியால் தொல்லை இல்லை. அகார் என்ற கூழ் நிரப்பிய சத்தான தட்டில் தடவி, கரியமில வாயுவைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் பாக்டீரியா அப்படியல்ல, உயிரணுவுக்குள் புகுந்தால்தான் பெருகும். எனவே முதலில் மெக்காய் அல்லது ஹீலா என்ற ஆய்வக வகை உயிரணுக்களைக் கண்ணாடி வில்லையின் மேல் ஒற்றை அடுக்காக வளர்க்கிறார்கள். அது ஒரு வளர்ப்பு. அப்புறம் நோயாளியிடம் எடுத்த மாதிரியை அதன்மேல் விட்டு, மையவிலக்கியில் சுழற்றி, சைக்ளோஹெக்சிமைடு சேர்த்து 48 முதல் 72 மணி நேரம் அடைகாக்கிறார்கள். அந்த மருந்து உயிரணுவின் புரத உற்பத்தியை முடக்கும், பாக்டீரியாவைத் தொடாது. வீட்டுக்காரர் பட்டினி, விருந்தாளிக்குச் சாப்பாடு! இது இரண்டாவது வளர்ப்பு.

கோழி வளர்ப்பு என்றால் கோழியை வளர்ப்பது. தொட்டி வளர்ப்பு என்றால் தொட்டியில் வளர்ப்பது. முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை, பின்னது ஏழாம் வேற்றுமைத் தொகை. 'உயிரணு வளர்ப்பு' இரண்டு பக்கமும் சாய்கிறது.

கிருமிக்கு இடம்கொடுக்கும் உயிரைக் குறிக்கும் 'ஓம்புயிர்' (host) என்ற சொல்லை வைத்து 'ஓம்பணு வளர்ப்பு' என்று முதலில் குறித்து வைத்தேன். அதிலும் அதே ஓட்டை. 'அணுவுள் வளர்ப்பு' அணு உலையை நினைவூட்டுகிறது. 'உள்வளர்ப்பு' அழகாகத்தான் இருக்கிறது, கிளமிடியாவுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் மேகப்புண் (சிஃபிலிஸ்) கிருமியான டிரெப்போனிமா அதைக் கவிழ்த்துவிட்டது. நெடுங்காலம் முயல்களின் உடலிலேயே பேணப்பட்ட அந்தக் கிருமியை 2018இல்தான் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடிந்தது. முயலின் புறத்தோல் உயிரணுக்களோடு, 1.5 விழுக்காடு ஆக்சிஜனில். அங்கே கிருமி அணுவுக்குள் போவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டே பெருகுகிறது.

உள்ளே இருந்தாலும் மேலே இருந்தாலும் இரண்டும் உயிரணுவைச் சார்ந்தே வளர்கின்றன. ஆகவே என் பரிந்துரை 'உயிரணுச் சார்வளர்ப்பு'. இடம் தெளிவானால் வெறும் 'சார்வளர்ப்பு'. வெறும் உயிரணுக்களை வளர்ப்பதற்குப் பழைய சொல்லே இருக்கட்டும்.

இன்னொன்று. கிளமிடியா குடியிருக்கும் பையை, அயோடின் பட்டால் பழுப்பாகத் தெரியுமே, ஆங்கிலத்தில் inclusion, அதை 'உள்ளடக்கம்' என்று எழுதுகிறார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரும் பொருளடக்கம்தான் கண்முன் வருகிறது. 'உட்பொதி' சரிப்படுமா?