பழைய ஐநெஸ் ஹெடரை நெஸ் 2.0 ஆக்கினால் சாம்பல் திரை, சேவும் நிற்கவில்லை

சாட்ஸ்வர்த்16:
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் விற்ற கோல்டன் சைனா போன்ற டிவி கேம் பெட்டிகளின் (நின்டெண்டோ நெஸ்ஸின் நகல்கள்) கார்ட்ரிட்ஜ் டம்ப்களை, அதாவது நகல் கோப்புகளை, பழைய ஐநெஸ் ஹெடரிலிருந்து நெஸ் 2.0 ஹெடருக்கு மாற்றுகிறேன். ஹெடர் என்பது கோப்பின் முதல் 16 பைட்டில் உள்ள விவரக் குறிப்பு. ஒரு கோப்பு மாட்டிக்கொண்டது. அளவு 131,088 பைட். எண்ணிக்கையை 0-விலிருந்து தொடங்கினால் 4-ஆம் பைட் முதல் ஹெக்ஸில் 08 00 12 44 69 73 என்று போகிறது. 7 முதல் 15 வரை எழுத்தாகப் பார்த்தால் "டிஸ்க்டூட்!" என்று இருக்கிறது.

எமுலேட்டரில் (நெஸ் ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) அப்படியே திறந்தால் மேப்பர் (கார்ட்ரிட்ஜ் சர்க்யூட் வகை எண்) 65 என்கிறது. 7-இல் நெஸ் 2.0-இன் அடையாளமான 08 போட்டால் மேப்பர் 2305 என்கிறது. 8 முதல் 15 வரை பூஜ்யமாக்கியபின் மேப்பர் 1 சரியாக வந்தது, ஆனால் திரை ஒரே சாம்பல், சேவ் கோப்பும் உருவாகவில்லை. 12-ஆம் பைட்டில் டெண்டி (50 ஹெர்ட்ஸ் நெஸ் குளோன் வகை) மதிப்பு 03 போட வேண்டுமா?

ஹெக்ஸ்_கண்:
முதலில் அந்த எழுத்து. பழைய கருவி ஒன்று ஹெடரின் காலி இடத்தில் தன் முத்திரையைப் பதித்துவிட்டுப் போனது. மேப்பர் எண்ணின் கீழ்ப்பாதி 6-ஆம் பைட்டிலும் மேல்பாதி 7-ஆம் பைட்டிலும் இருக்கிறது. 12-இலிருந்து 1, 44-இலிருந்து 4. 4×16+1 = 65. நெஸ் 2.0-இல் 8-ஆம் பைட்டும் மேப்பருக்குச் சேரும். அங்கே 69 மிச்சம் கிடந்ததால் 9×256+1 = 2305, கூடவே சப்மேப்பர் (மேப்பரின் உட்பிரிவு) 6. ஆக, துடைத்தது சரிதான்.

சாம்பல் திரைக்குக் காரணம் வேறு. பழைய ஹெடரில் 5-ஆம் பைட் 00 என்றால் 8 கேபி கேரக்டர் ராம் (திரைப்படத் துண்டுகளை வைக்கும் நினைவகம்) இருக்கிறது என்று எமுலேட்டரே வைத்துக்கொள்ளும். ஹெக்ஸ் 6000 முகவரியில் 8 கேபி ராமையும் கேட்காமலே கொடுக்கும். நெஸ் 2.0-இல் அந்த ஊகம் கிடையாது. நீங்கள் எழுதாத ராம் அந்தக் கார்ட்ரிட்ஜில் இல்லை என்றுதான் பொருள். 7-இல் 08 போட்ட கணத்தில் இரண்டு ராமையும் பிடுங்கிவிட்டீர்கள். வடிவம் மாற்றுவதில் முக்கால்வாசிக் கோளாறு இங்கேதான்.

4 முதல் 15 வரை இப்படி எழுதுங்கள்:

08 00 12 08 00 00 70 07 00 00 00 01

10-ஆம் பைட்டின் மேல்பாதி பேட்டரி ராம், கீழ்ப்பாதி சாதா ராம். 11-ஆம் பைட்டின் கீழ்ப்பாதி கேரக்டர் ராம். மதிப்பு என்பது 64-ஐ எத்தனை முறை இரட்டிப்பது என்ற எண். 7 முறை இரட்டித்தால் 8,192. 70 போட வேண்டிய 10-ஆம் பைட்டில் 07 என்று மாறிப் போகலாம், கவனம். 10-இல் 07 என்றால் ஆட்டம் ஓடும், அணைத்ததும் சேவ் போய்விடும். 6-ஆம் பைட்டின் பேட்டரி பிட்டையும் விட்டுவிடாதீர்கள், உங்கள் 12-இல் அது இருக்கிறது. கடைசி 01 சாதா கண்ட்ரோலர்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
12-ஆம் பைட்டுக்கு 00 தான், 03 வேண்டாம். ஆட்டம் எந்த மெஷினுக்காக எழுதப்பட்டது என்பதைத்தான் ஹெடர் சொல்ல வேண்டும், எந்தப் பெட்டியில் செருகினோம் என்பதை அல்ல. தென்னாப்பிரிக்காவின் டிவி முறை பால், 50 ஹெர்ட்ஸ். அசல் பால் நெஸ்ஸின் சிபியு 1.66 மெகாஹெர்ட்ஸ், விபிளாங்க் (ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) 70 வரி. டெண்டி வகைக் குளோனில் சிபியு 1.77 மெகாஹெர்ட்ஸ், விபிளாங்க் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் டிவி முறை) போலவே 20 வரி. அதனால்தான் என்டிஎஸ்சி ஆட்டங்கள் அதில் உடையாமல், வேகம் மட்டும் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்து ஓடின. டிவியில் பார்த்த அந்த வேகமே வேண்டுமென்றால் மெசன் எமுலேட்டரின் ரீஜன் அமைப்பில் டெண்டியைத் தேர்ந்தெடுங்கள். கோப்பைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) அட்டவணை ஓடும் நாட்களில் எஸ்டி கார்டிலேயே வைத்து ஹெக்ஸ் எடிட்டரில் சேமிக்க வேண்டாம். கணினியில் திருத்திப் பிறகு நகலெடுங்கள். முதல் 16 பைட்டை விட்டுவிட்டு சிஆர்சி (சரிபார்ப்பு எண்) எடுத்தால், திருத்தும் முன்பும் பின்பும் ஒரே எண் வர வேண்டும். வரவில்லையென்றால் ஹெடரைத் தாண்டிக் கை பட்டிருக்கிறது.

சாட்ஸ்வர்த்16:
படம் வந்தது, சேவும் நிற்கிறது, நன்றி அண்ணே. அதே ஆட்டத்தின் இன்னொரு டம்ப் 131,600 பைட் இருக்கிறது. அதே ஹெடர் போட்டும் சாம்பல்.

ஹெக்ஸ்_கண்:
512 பைட் கூடுதல். அது முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோப்பின் கடைசி 6 பைட்டைப் படியுங்கள். நல்ல டம்பில் அவை சிபியு தாவ வேண்டிய என்எம்ஐ, ரீசெட், ஐஆர்க்யூ முகவரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், கீழ்ப்பைட் முதலில். 2-ஆவதும் 4-ஆவதும் ஹெக்ஸ் 80 அல்லது அதற்கு மேல் இருந்தால், கூடுதல் 512 ஹெடருக்கு அடுத்து நிற்கும் டிரெய்னர் (ஆட்டத்தோடு ஒட்டிய கூடுதல் நிரல்). கடைசியில் ஒரே பூஜ்யமாக இருந்தால் வாலில் ஒட்டிய குப்பை, வெட்டிவிடலாம்.

டிரெய்னர் என்றால் 6-ஆம் பைட்டை 12-இலிருந்து 16 ஆக்கிப் பாருங்கள். அந்த பிட் இல்லாததால் ப்ரோக்ராம் முழுவதும் 512 பைட் தள்ளிப் படிக்கப்படுகிறது, சாம்பல் அதனால்தான். ஆனால் டிரெய்னரோடு மட்டுமே ஓடுகிற டம்ப், காப்பியர் கருவிக்காக (கார்ட்ரிட்ஜை நகலெடுக்கும் சாதனம்) உள்ளே திருத்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரெய்னரை நீக்கிவிட்டு, மீதமுள்ள 131,072 பைட்டின் சிஆர்சியை உங்கள் முதல் கோப்போடு ஒப்பிடுங்கள். மாறினால் இதைச் சேகரிப்பில் வைக்க வேண்டாம், முதல் கோப்பு போதும்.